அக்கினிப் பிரவேசமும் வராத பஸ்ஸும்

ஜெயகாந்தனின் ‘அக்கினிப் பிரவேசம்’ 1966ஆம் ஆண்டு ஆனந்த விகடனில் வெளிவந்த நாள் முதலாக அதன் இறுதிக் காட்சி பற்றி எழுதப்பட்டவை ஏராளம். மகளின் தலையில் நீரை ஊற்றி, நீ சுத்தமானவள் என்று கூறிய தாயின் செய்கை தகுமா தகாதா என்று சனாதனிகளும் சீர்திருத்தவாதிகளும் மோதிக்கொண்டனர். கதை தொடங்கும் இடமோ வீடன்று. சென்னையில் ஒரு பெண்கள் கல்லூரியின் முன்னாலுள்ள பஸ் தரிப்பிடம். அவ்விடத்தைப் பற்றி விமர்சகர்கள் போதிய அளவு பேசவில்லை என்பதே எமது முறைப்பாடு.

அத்தொடக்கத்தை நிதானமாகப் படித்துப் பார்ப்போம். மழை பெய்கிறது. கல்லூரி விட்டதும் முதலிற் போகிறவர்கள் கார் வசதியுள்ள வீட்டுப் பெண்கள். நெருங்கிய சிநேகிதிகளையும் ஏற்றிக்கொள்கிறார்கள். அடுத்துக் கல்லூரி வான் புறப்படுகிறது. மற்றவர்கள் மரத்தடியில் குடைகளுக்குள் ஒடுங்கி நிற்கிறார்கள். அவர்களும் போனபின் ஒருத்தி மட்டும் எஞ்சுகிறாள். அவளுடைய பஸ் வரவில்லை; வருவது ஒரு பெரிய கார். வர்க்க பேதத்தை மேடைப் பேச்சாக முழக்காமல், ஒரு வரிசை கரைந்துபோகும் விதத்திலேயே காட்டிவிட்ட இப்பகுதிக்கு ஈடாகத் தமிழ்ச் சிறுகதையில் அதிகம் சொல்ல முடியாது. கம்யூனிஸ்ட் கட்சி அலுவலகச் சூழலில் வளர்ந்தவரின் கண் அது.

அக்கண்ணை ஆசிரியர் பாதியில் மூடிக்கொண்டார் என்பது எமது துணிபு. ஒரு குடம் நீரோடு பரிகாரம் முடிந்துவிடுகிறது. நாளை மாலை அப்பெண் எப்படி வீடு திரும்புவாள்? 1970இல் எழுதிய ‘சில நேரங்களில் சில மனிதர்கள்’ நாவலில், தாய் நீரூற்றாமல் ஊரறியக் கதறியிருந்தால் என்னவாகும் என்று ஆராய்ந்தார். 1972இல் அதற்குச் சாகித்திய அக்காதெமிப் பரிசும் கிடைத்தது. அங்கும் நாவலின் பாரம் வீட்டின் மீதும் ஊர்வாயின் மீதுமே விழுகிறது. கதாசிரியரிடம் போக்குவரத்துத் திட்டமா கேட்கிறீர்கள் என்று நண்பர்கள் நகைக்கலாம். தாமே எழுப்பிய வினாவை அவர் கைவிடலாகாது என்கிறோம், அவ்வளவே.

யாழ்ப்பாணத்திலிருந்து படிப்போருக்கு இவ்வினா அந்நியமானதன்று. 1990இன் பின் எரிபொருட் தடை குடாநாட்டை இறுக்கியபோது, கார்களிற் சில மண்ணெண்ணெயிற் புகைந்துகொண்டு ஓடின. பல கொட்டிலில் உறங்கின. ஊரே சைக்கிளில் ஏறிற்று. பெண்பிள்ளைக்கு என்ன சைக்கிள் என்று முகம் சுளித்தவர்களின் வாசலைக் கடந்து மாணவிகள் கூட்டங் கூட்டமாக ரியூசனுக்குப் போய் வந்தனர். போர் தந்த வரம் என்று இதைக் கொண்டாட நாம் தயாரில்லை; அதே தடை மருந்தையும் மறித்தது. ஆயினும் எவர் தயவையும் எதிர்பாராமல் வீடு திரும்பும் வலு ஒரு பெண்ணை எவ்வளவு நிமிர்த்தும் என்பதை எமது அக்காமார் அறிவார்கள். 2022இல் பெற்றோல் வரிசைகள் தெருத்தெருவாக நீண்டபோது நாமும் சிறிது அறிந்தோம்.

சென்னை சைக்கிளில் மிதித்து முடிக்கும் ஊரன்று. அங்கே பஸ்தான் கதி. 2021 மே மாதம் தமிழ்நாட்டில் சாதாரண நகரப் பஸ்களில் பெண்களுக்குக் கட்டணம் நீக்கப்பட்டதை நாம் மனமார வரவேற்றோம். ஆனால் கதையில் வரும் பெண்ணுக்கு இடைஞ்சல் செய்தது சில்லறையின்மை அன்று. கட்டணமில்லாத பஸ்ஸும் வந்தால்தானே ஏறலாம்!

மாலை வகுப்பு முடியுமுன்பே, கடைசி பஸ்ஸை நினைத்துப் புத்தகங்களை அடுக்கத் தொடங்கும் மாணவிகள் எமது கிராமப்புறப் பாடசாலைகளில் இருக்கிறார்கள். கற்பைப் பற்றியும் தாய்மையைப் பற்றியும் நாம் விரித்துரைப்பதைப் பொறுமையாகக் கேட்டுவிட்டு, அவர்கள் கேட்பது ஒன்றுதான்: அவளுடைய பஸ் ஏன் வரவில்லை, சேர்?