மானுக்கும் வில்லுக்கும் நடுவே இருபது மீட்டர்

இந்தியாவில் மானை வில்லால் வேட்டையாடக் கற்றுக்கொள்ள வழியே இல்லை. 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் தன் 9-ஆவது பிரிவில் வேட்டையைத் தடை செய்கிறது. கொல்வது மட்டும் அதன் கணக்கில் வேட்டை இல்லை. கொல்ல முயல்வது, விரட்டுவது, இரை வைத்து வரவழைப்பது எல்லாமே வேட்டைதான். உரிமம் வாங்கிச் சில விலங்குகளைச் சுடலாம் என்று ஆரம்பத்தில் இருந்த சந்தும் 1991-ஆம் ஆண்டுத் திருத்தத்தோடு அடைபட்டது. சட்டத்தைப் பொறுத்தவரை கதை அங்கேயே முடிந்தது.

ஆசை முடியவில்லை. ஓசூர் மூக்கண்டப்பள்ளியில் சிப்காட் கம்பெனிகளை நம்பி வாடகை அறை எடுத்துத் தங்கியிருக்கும் இளைஞர்களில் ஒருவர், சி.என்.சி. ஆபரேட்டர், இரவு ஷிஃப்ட் முடித்து வந்து செல்போனில் பார்ப்பது வெளிநாட்டு வில் வேட்டைக் காணொளிகளைத்தான். வில்லும் வாங்கிவிட்டார். வீட்டுமனை போட்டுக் காலியாகக் கிடக்கும் இடத்தில் வைக்கோல் கட்டை நிறுத்தி எய்து பழகுகிறார். தளி, ஜவளகிரிப் பக்கம் பைக்கில் போனால் ஏறக்குறைய ஒரு மணி நேரத்தில் புள்ளிமான் திரியும் காடு. அவர் என்னிடம் கேட்டது இதுதான்: "அண்ணா, துப்பாக்கியில சுடுறது தப்பு, ஒத்துக்கறேன். வில்லால, அதுவும் பழைய முறையில அடிச்சா அது நியாயமான வேட்டைதானே?"

சட்டத்தைக் காட்டி அவர் வாயை அடைப்பது சுலபம். அது அவர் கேட்டதற்குப் பதிலாகாது. அவர் கேட்டது நியாயத்தைப் பற்றி. இந்தப் பழக்கத்துக்கு உரிய மதிப்பைக் கொடுத்துவிட்டுத்தான் அதன் குறையைச் சொல்ல முடியும்.

பழைய முறை என்று அவர் சொல்வது ரீகர்வ் வில்லை. அதன் இரு முனைகளும் எய்பவருக்கு எதிர்ப்பக்கம் வளைந்து நிற்கும். நாணை இழுக்கும்போது அந்த வளைவு நிமிர்ந்து, அதே நீளமுள்ள சாதாரண வில்லைவிடக் கூடுதல் விசையைச் சேர்த்து வைக்கும். மரபு முறையில் எய்பவர்கள் குறிகாட்டி, சமநிலைத் தண்டு எதையும் அதில் பூட்டுவதில்லை. மூன்று விரலால் நாணைப் பிடித்து, விரல் கடைவாயில் வந்து படும்வரை இழுத்து, கண் பார்த்த இடத்துக்கு அம்பை விடுவார்கள். அமெரிக்காவின் பல மாநிலங்களில் மான் வேட்டைக்கு வில்லின் இழுவிசை குறைந்தது 35 அல்லது 40 பவுண்டு இருக்க வேண்டும் என்று விதி உண்டு. 40 பவுண்டு என்றால் சுமார் 18 கிலோ. அவ்வளவையும் மூன்று விரல் தாங்கிக்கொண்டு கை நடுங்காமல் நிற்கவே மாதக்கணக்கில் பழக வேண்டும்.

ஆனால் வில்லைப் பழகுவது இந்தக் கல்வியில் சின்னப் பகுதி. பெரும்பகுதி கிட்டே போவது. குறிகாட்டி இல்லாத வில்லோடு போகிறவர் மானுக்கு இருபது மீட்டருக்குள் வந்தாக வேண்டும். புள்ளிமான் கூட்டத்தில் எந்நேரமும் ஒன்றிரண்டு தலை நிமிர்ந்தே இருக்கும். சந்தேகம் தட்டினால் முன்னங்காலைத் தூக்கித் தரையில் தட்டும். வால் நிமிர்ந்து அடிப்பக்க வெள்ளை தெரியும். அடுத்து அந்தக் கூர்மையான ஒற்றைக் குரல், அத்தோடு கூட்டமே மாயம். மரத்தில் இருக்கும் குரங்கு உங்களைப் பார்த்தாலும் கீழே மானுக்குச் செய்தி போய்விடும். காற்று உங்கள் முகத்தில் அடிக்க வேண்டும்; பிடரியில் அடித்தால் அன்றைக்குத் திரும்பிவிடலாம். புழுதியை விரலிடுக்கில் உதிர்த்து, அது சாயும் பக்கத்தைப் பார்த்துவிட்டுத்தான் அடுத்த அடி. தரையில் குளம்புத் தடத்தின் விளிம்பு கூராக நின்றால் புதிது. சரிந்து உள்ளே சருகுத்தூள் விழுந்திருந்தால் பழையது. கடமான் எந்தச் சரிவில் படுக்கும், எந்தத் தண்ணிக்கு எப்போது இறங்கும் என்பதெல்லாம் ஒரு காட்டில் வருஷக்கணக்கில் நடந்தால் மட்டுமே பிடிபடும்.

இது உயர்ந்த கல்வி என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. இதே ஓசூர் வனக்கோட்டத்தில் திருட்டு வேட்டைக்குப் பயன்படும் மற்ற வழிகளைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் இன்னும் தெளிவாகும். சுருக்குக் கம்பிக்கு மானும் ஒன்றுதான், சிறுத்தையும் ஒன்றுதான். கட்டியவன் வீட்டில் தூங்கிக்கொண்டிருப்பான். இரைக்குள் வெடி மறைத்த அவுட்டுக்காய் எந்த வாயில் வெடிக்கும் என்று வைத்தவனுக்கே தெரியாது. நாட்டுத் துப்பாக்கியை ராத்திரி டார்ச் வெளிச்சத்தில் மின்னும் கண்ணுக்குக் குறி வைக்கிறார்கள். அது ஆணா பெண்ணா, குட்டியோடு நிற்கிறதா என்பது விழுந்த பிறகுதான் தெரியும். வில்லோடு போகிறவருக்கோ எதிரில் நிற்கும் மான் முழுசாகத் தெரியும். எதை விடுவது, எப்போது வில்லை இறக்குவது என்று முடிவெடுக்க அவருக்கு அவகாசம் இருக்கிறது.

குறை அதே இருபது மீட்டரில்தான் இருக்கிறது. கணக்குப் போட்டே பார்க்கலாம். இந்த வகை வில்லிலிருந்து அம்பு நொடிக்கு ஏறக்குறைய 55 மீட்டர் வேகத்தில் போகும். இருபது மீட்டரைக் கடக்க நொடியில் மூன்றில் ஒரு பங்குக்குச் சற்று மேல். நாண் அதிரும் சத்தம் நொடிக்கு 340 மீட்டர் வேகத்தில் முன்னாலேயே போய்ச் சேர்ந்துவிடும். ஆக, மானின் காதில் சத்தம் விழுந்த பிறகு அம்பு வந்து தைக்க சுமார் 0.3 நொடி மிச்சம். மிரண்ட மான் பாய்வதற்கு முன்னால் கால்களை மடக்கி உடம்பைத் தாழ்த்தும். அதற்கு இந்த நேரம் தாராளம். நுரையீரலுக்கு விட்ட அம்பு முதுகுச் சதையில் தைக்கும், அல்லது மான் திரும்பியிருந்தால் குடலில்.

துப்பாக்கி ரவை அதிர்ச்சியாலும் சிதைப்பாலும் வீழ்த்தும். அம்பு வெட்டும், ரத்தம் வடிந்துதான் விலங்கு சாக வேண்டும். சரியான இடத்தில் பட்டால் சில நொடிகளில் முடிந்துவிடும். தவறினால் மணிக்கணக்கு, சில வேளை நாள்கணக்கு. நன்றாகப் பட்டது போலத் தெரிந்தாலும் அரை மணி நேரமாவது அசையாமல் காத்திருந்து, பிறகு ரத்தத் துளிகளைத் தொடர்ந்து போ என்று வில் வேட்டைக்காரர்களே பாடம் சொல்வது இதனால்தான். அடிபட்டு ஓடி மறைவது அங்கே விதிவிலக்கு கிடையாது, தொழிலின் ஒரு பாகம்.

நம் இலக்கியத்துக்கும் இது தெரியும். குறிஞ்சித் திணையில் கெடுதி வினாதல் என்றே ஒரு துறை இருக்கிறது: அம்பு தைத்து ஓடிய யானையோ மானோ இந்தப் பக்கம் வந்ததா என்று தலைவன் தினைப்புனத்துப் பெண்களிடம் கேட்பான். கபிலரின் குறிஞ்சிப்பாட்டிலும் தலைவன் வில்லும் நாய்களுமாக, தப்பிப்போன விலங்கைத் தேடித்தான் வருகிறான். காதலுக்கு முன்னுரையாக அதை நாம் ரசித்துப் படிக்கிறோம். அந்தக் கேள்வி கேட்கப்படும்போது புதரில் எங்கோ ஒரு விலங்கு ரத்தம் வடிய நின்றுகொண்டிருக்கிறது என்பதைக் காதல் மறைத்துவிடுகிறது. கேட்டால் பொய் என்று நினைக்க மாட்டார்கள் என்னும் அளவுக்கு அந்தக் காட்சி அன்றாடமாக இருந்திருக்கிறது; இல்லாவிட்டால் பெண்களிடம் பேச்சுக் கொடுக்க ஒரு சாக்காகவே அது நிலைத்திருக்காது.

இதற்கு எதிர்ப்பக்கம், கொல்லிமலைத் தலைவன் வல்வில் ஓரி. புறநானூற்றின் 152-ஆம் பாட்டில் வன்பரணர் காட்டும் ஒற்றை அம்பு யானை, புலி, மான், பன்றி நான்கையும் வீழ்த்திவிட்டுப் புற்றிலிருந்த உடும்பில் போய்த் தைக்கிறது. கொல்லிமலையில் ஆடி மாதம் நடக்கும் ஓரி விழாவில் இன்றைக்கும் வில் போட்டி உண்டு. புகழ்ச்சிக் கவிதையாக அது அருமை. வில்லைப் பற்றி நம் பையன்கள் மனசில் பதிந்திருப்பதும் அந்தப் படம்தான்: விட்ட அம்பு வீழ்த்தியே தீரும். ஆனால் பாண்டுவின் அம்பு மான் உருவில் இருந்த முனிவரைக் கொன்றதையும், சத்தத்தை நம்பித் தசரதன் விட்ட அம்பு தண்ணீர் மொண்ட பிள்ளையைக் கொன்றதையும் சொல்லும் கதைகள் நம்மிடமே இருக்கின்றன. வில் கற்பவர் முதலில் படிக்க வேண்டியவை அவை.

இப்போது அந்த இளைஞரின் கேள்விக்கு வருகிறேன். பழைய வில்லை எடுப்பதால் வேட்டை கடினமாகிறது, ஆகவே நியாயமாகிறது என்பது அவர் தர்க்கம். கடினம் வேட்டைக்காரரின் பங்குக்கு வருகிறது; அவருடைய பிழைக்கு வலியைத் தாங்குவது மான். கற்றுக்கொள்பவர் என்றாலே பிழை செய்பவர் என்று பொருள். வைக்கோல் கட்டில் நூறு அம்பு தப்பினால் நஷ்டம் ஒன்றுமில்லை. மானிடம் கற்றுக்கொள்ளப் போனால் முதல் சில வருடங்களின் பிழை அத்தனையும் உயிருள்ள உடம்பில்தான் எழுதப்படும். தேர்ந்த வேட்டைக்காரரைப் பற்றி வாதிட இடமிருக்கலாம். தேறுவதற்கான பாதையை என்னால் நியாயப்படுத்த முடியவில்லை.

அமெரிக்காவில் இதற்கு வேறொரு நியாயம் சொல்வார்கள், அது வெறும் சப்பைக்கட்டும் அல்ல. ஓநாயும் மலைச்சிங்கமும் பெரும்பகுதியில் ஒழிந்துபோன நாட்டில் வெண்வால் மான் பெருகிக் காட்டின் இளங்கன்றுகளை மேய்ந்து தீர்க்கிறது. துப்பாக்கிக்கும் ரவைக்கும் போடப்படும் வரி 1937-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி காட்டுயிர்ப் பாதுகாப்புக்குப் போகிறது. 1972-இல் அந்த வரி வில்லுக்கும் அம்புக்கும் விரிந்தது. நாம் வேட்டையைத் தடுக்கச் சட்டம் போட்ட அதே ஆண்டு. ஆனால் அந்த நியாயத்தை ஓசூருக்குக் கொண்டுவந்தால் ஒட்டாது. 2014-இல் அறிவிக்கப்பட்ட காவேரி வடக்கு வனவிலங்கு சரணாலயம் 504 சதுர கிலோமீட்டர். 2022-இல் அறிவிக்கப்பட்ட காவேரி தெற்கு 686 சதுர கிலோமீட்டர். அந்தக் காடுகளில் சிறுத்தையும் செந்நாயும் இருக்கின்றன, மான் அவற்றின் சாப்பாடு. நம் நாட்டில் அமெரிக்க வாதம் பொருந்துமென்றால் அந்தமானில் பொருந்தலாம். வெள்ளைக்காரர்கள் கொண்டுபோய் விட்ட புள்ளிமான் அங்கே தின்ன ஆளில்லாமல் பெருகிக் காட்டை அழிக்கிறது. அதற்கும் மூக்கண்டப்பள்ளி வைக்கோல் கட்டுக்கும் சம்பந்தமில்லை.

சட்டத்தின் பக்கம் இருந்துகொண்டே சட்டத்தின் குறையையும் சொல்லியாக வேண்டும். இந்த மலைகளில் வேட்டை என்றைக்கும் வெறும் பொழுதுபோக்காக இருந்ததில்லை. தேன்கனிக்கோட்டையின் பேட்டராய சுவாமியை வேட்டைக்கு வந்த பெருமாளாகத்தான் தலக்கதை சொல்கிறது. வேட்டைக் கதை எழுத்தாளர் கென்னத் ஆண்டர்சன் ஜவளகிரி, அஞ்செட்டிப் பக்கத்துக் காடுகளில் சுட்ட கதைகளை எழுதியபோது, அவருக்குத் தடம் காட்டியவர்கள் காட்டை ஒட்டி வாழ்ந்தவர்கள். துரைகள் கதை எழுதிவிட்டுப் போனார்கள். தடம் பார்க்கத் தெரிந்தவர்கள் ஒரே சட்டத்தில் குற்றவாளிகள் ஆனார்கள். 2006-ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டம் மரபு உரிமைகளைத் திருப்பிக் கொடுத்தபோதும் வேட்டை உரிமையை வெளிப்படையாக விலக்கி வைத்தது. விலக்கியது சரி என்றே நினைக்கிறேன். வேட்டையோடு சேர்ந்திருந்த அறிவுக்கு மாற்று இடம் எதுவும் தராமல் விட்டது சரியில்லை.

இடம் தர முடியும் என்பதற்குத் தமிழ்நாட்டிலேயே உதாரணம் இருக்கிறது. பாம்புத்தோல் வியாபாரம் நின்று பிழைப்புப் போன இருளர்களுக்காக 1978-இல் மாமல்லபுரம் அருகே வடநெம்மேலியில் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் தொடங்கியது. பாம்பைப் பிடித்து, விஷம் எடுத்து, திரும்பக் காட்டில் விடுகிறார்கள்; அந்த விஷம் நாடு முழுவதும் பாம்புக்கடி மருந்தாகிறது. தடம் பார்க்கும் அதே கண், அதே கை. 2023-இல் வடிவேல் கோபாலுக்கும் மாசி சடையனுக்கும் பத்மஸ்ரீ கிடைத்தது அந்தக் கண்ணுக்குத்தான்.

விளையாட்டு செய்தது வேறு. 1987-இல் இந்திய விளையாட்டு ஆணையத்தின் வில்வீரர் தேடலில் ராஜஸ்தான் உதய்பூர்ப் பகுதியிலிருந்து கிடைத்தவர் லிம்பா ராம். சிறுவயதில் மூங்கில் வில்லோடு காட்டில் வேட்டையாடிப் பழகியவர். 1992-இல் பெய்ஜிங்கில் நடந்த ஆசிய வில்வித்தைப் போட்டியில் 30 மீட்டரில் 360-க்கு 358 எடுத்து உலக சாதனையைச் சமன் செய்தார். அது பெருமைதான். ஆனால் அந்தத் திட்டம் எடுத்துக்கொண்டது அவருடைய கையையும் கண்ணையும் மட்டும். ஒலிம்பிக் வில்வித்தை என்பது 70 மீட்டர், 122 செ.மீ. இலக்கு, நடுவில் 12.2 செ.மீ. வட்டம், எல்லாருக்கும் ஒரே தூரம். காற்றைப் படிக்க வேண்டும், உண்மை. இலக்கு உங்களைத் திரும்பிப் பார்க்காது. நம் பயிற்சி மையங்கள் பதக்கத்தைக் குறிவைத்து இதையே சொல்லிக்கொடுக்கின்றன. அந்த சி.என்.சி. ஆபரேட்டர் தேடுவது அங்கே கிடைக்காது, அதனால்தான் அவர் காணொளி பக்கம் போகிறார்.

அவர் தேடுவதற்குக் கிட்டே வருவது 3டி வில்வித்தை. நுரையில் செய்த மான், பன்றி உருவங்களை மரங்களுக்கு நடுவே நிறுத்துவார்கள். தூரம் சொல்ல மாட்டார்கள், கண்ணால் கணித்து எய்ய வேண்டும். குறிகாட்டி இல்லாத வில்லுக்குத் தனிப் பிரிவுகள் உண்டு. ஓசூரைச் சுற்றித் தைல மரத் தோப்புகளுக்குக் குறைவில்லை. காப்புக்காட்டுக்குள் ஒரு அடி வைக்காமல் இப்படி ஒரு களம் அமைக்கலாம்.

அதிலும் ஒரு குறை உண்டு: நுரை மான் எந்நேரமும் எய்வதற்கு வசதியாகவே நிற்கிறது, எய்தவருக்குத்தான் புள்ளி. ஓசூரில் அமைத்தால் ஒரு விதியை மாற்ற வேண்டும் என்று அந்த இளைஞரிடம் சொன்னேன். சில உருவங்களை எய்யக்கூடாத நிலையில் நிறுத்துங்கள்: மார்பு நேராகத் தெரிய, இடையில் ஒரு குச்சி குறுக்கிட, பின்னால் குட்டியின் காது மட்டும் தெரிய. அங்கே நாணை இழுத்துவிட்டு இறக்கியவருக்கு முழுப் புள்ளி, எய்தவருக்குப் பூஜ்ஜியம். எந்த உருவத்தை எப்படி நிறுத்துவது என்று முடிவு செய்ய வில் பயிற்சியாளர் போதாது. வனத்துறையில் தொகுப்பூதியத்துக்கு வேலை பார்க்கும் வேட்டைத் தடுப்புக் காவலர்களில் தடம் பார்த்தே வளர்ந்த மலைக்கிராமத்து ஆட்கள் இருக்கிறார்கள். அவர்களில் ஒருவரை உரிய சம்பளம் கொடுத்துக் கூப்பிட வேண்டும்; களத்தில் அவர் சொல்வதே தீர்ப்பாக இருக்க வேண்டும்.