யோபுவின் நண்பர்களும் பூதப்பாண்டியின் மொழிபெயர்ப்பாளரும்

பகத்சிங் 1930 அக்டோபரில் லாகூர்ச் சிறையிலிருந்து எழுதிய கட்டுரையைத் தமிழுக்குத் தந்தவர் நம் நாஞ்சில் மண்ணின் மைந்தர் என்பதை நம்மில் பலர் அறியோம். 1907-இல் பூதப்பாண்டியில் பிறந்த ப. ஜீவானந்தமே அவர். ‘நான் நாத்திகன் ஏன்?’ என்ற அச்சிறு நூலுக்காக 1930-களின் நடுவில் ஆங்கில அரசு அவரைக் கைது செய்தது. அதனை வெளியிட்ட ஈ.வெ. கிருஷ்ணசாமியும் தப்பவில்லை. அண்மையில் அஞ்சுகிராமத்தில் நாம் சிலர் கூடி இந்நூலை வாசித்தோம். கூடவே, திருவிழாக் கடைகளில் விற்கும் நம் விசுவாச விளக்கச் சிறுநூல்கள் சிலவற்றையும் புரட்டினோம். இவ்விரண்டையும் அருகருகே வைத்துப் பார்ப்பது சுகமான அனுபவமாக இல்லை.

பகத்சிங் தம் அவநம்பிக்கை செருக்கினால் விளைந்ததன்று என்று தொடங்குகிறார். பின்னர் எல்லாச் சமயத்தாரையும் கேள்வி கேட்கிறார். இந்துவிடம் முற்பிறவியைப் பற்றி ஒரு கேள்வி. இசுலாமியரிடமும் கிறிஸ்தவரிடமும் தொடக்கநூலைப் பற்றி வேறொரு கேள்வி. ஆறு நாள் உழைத்து உலகைப் படைத்து, நாள்தோறும் நல்லதெனக் கண்ட அந்த வல்லவரை இன்று அழையுங்கள்; இச்சிறைகளையும் பட்டினி கிடக்கும் குடிசைகளையும் கண்டபின் அதே சொல்லை அவர் மீண்டும் சொல்வாரா பார்ப்போம் என்கிறார். நீரோ எரித்தது ஓர் உரோமை நகரைத்தான். அவனையே வரலாறு வெறுக்கிறதே என்பது அவரது மற்றொரு கணை.

இதற்கு நம் சிறுநூல்கள் தரும் விடை என்ன? துன்பம் சோதனை, தண்டனை, அல்லது நமக்குப் புலப்படாத நன்மைக்கான வழி. மூன்றும் புதியன அல்ல. எலிப்பாசு, பில்தாது, சோப்பார் என்னும் நண்பர்கள் யோபுவின் சாம்பல் மேட்டருகே அமர்ந்து கூறியவற்றின் சாயலே இவற்றில் தெரிகிறது. அந்நூலின் இறுதியில் ஆண்டவர் சினங்கொள்வது முறையிட்ட யோபுவின்மீது அன்று, தமக்காக வழக்காடிய நண்பர்கள்மீதே. தம்மைப் பற்றி அவர்கள் சரியாகப் பேசவில்லை என்கிறார். நம் விளக்க நூலாசிரியர்கள் யோபு ஆகமத்தின் 42-ஆம் அதிகாரத்தை எப்படிக் கடந்து செல்கிறார்கள் என்று நாம் வியக்கிறோம்.

2004 டிசம்பர் 26 ஒரு ஞாயிற்றுக்கிழமை. கிறிஸ்து பிறப்பு விழாவின் மறுநாள். மணக்குடியின் பாலத்தையே கடல் அடித்துச் சென்றது. நம் கோட்டாறு மறைமாவட்டத்துக் கடலோரமெங்கும் உயிர்கள் மாய்ந்தன. அன்று பிள்ளையை இழந்த தாயிடம் மேற்சொன்ன மூன்று விடைகளில் எதைச் சொல்ல நமக்குத் துணிவு வரும்? அவளிடம் சொல்லக் கூசும் விடையை அச்சிட்டு விற்பதற்கு மட்டும் நாம் ஏன் கூசவில்லை? லிஸ்பன் நகரில் 1755 நவம்பர் 1-ஆம் நாள், அனைத்துப் புனிதர் விழாவன்று, ஆலயங்கள் மக்களால் நிறைந்திருந்த வேளையில் நிலம் நடுங்கியது. அதன்பின் வால்த்தேர் சினந்து எழுதியதும் இத்தகைய ஆயத்த விடைகளை எதிர்த்தே.

இதனால் பகத்சிங்கின் நூலை அப்படியே ஏற்கிறோம் என்பதில்லை. மனிதன் தன் பலவீனத்தை உணர்ந்து, துணிவு பெறவே கடவுளைக் கற்பித்துக்கொண்டான் என்று அவர் கூறுமிடம் நூலில் மெலிந்த பகுதி. ஒரு நம்பிக்கை எவ்வாறு பிறந்தது என்று காட்டினால் அது பொய்யென்று ஆகிவிடாது. ஆனால், ‘இளமைச் செருக்கே அவரை நாத்திகராக்கியது’ என்று எழுதும் நம்மவர் செய்வதும் அதே பிழைதான். வாதத்தை விட்டுவிட்டு வாதிப்பவரின் பிறப்பையும் வளர்ப்பையும் ஆராய்கிறார்கள். இன்னொன்று: அவர் கிறிஸ்தவரிடம் கேட்பது படைப்பின் கடவுளைப் பற்றியே, சிலுவையைப் பற்றி அன்று. விண்ணகத்தில் கிடைக்கும் கைம்மாறே கிறிஸ்தவனின் நம்பிக்கை என்று அவர் எண்ணியிருந்தார். அவருக்கு அப்படிக் காட்டியவர்கள் யார்? நாத்திகம் பிறப்பதில் விசுவாசிகளுக்கும் சிறிதல்லாத பங்குண்டு என்று 1965-இல் சங்கம் ‘இன்றைய உலகில் திருச்சபை’ ஏட்டில் ஒப்புக்கொண்டது வீணுக்கன்று.

ஐயவாதியை அஞ்சுவது நம் பழைய மரபும் அன்று. புனித தோமா அக்குவினார் ‘கடவுள் உண்டா’ என்ற வினாவை எழுப்பியதும் முதலில் எழுதிய தடை, உலகில் தீமை இருக்கிறதே என்பதுதான். எதிராளியின் வாதத்தை முழு வலிமையோடு முன்வைத்த பின்னரே அவர் தம் மொழியைத் தொடங்குவார். நம் மறைக்கல்வி வகுப்பில் அக்கேள்வியைக் கேட்கும் பிள்ளையை ‘உட்கார்’ என்று அடக்குகிறோம். அவன் உட்காருகிறான், சில ஆண்டுகளில் எழுந்து வெளியே போகிறான்.

ஜீவா பிறந்த பூதப்பாண்டிக்கு அருகேதான் ஆரல்வாய்மொழிக் காற்றாடிமலையும் உள்ளது. நட்டாலத்து நீலகண்டன் தம் இல்லத்துக்கு அடுக்கடுக்காய் நேர்ந்த இழப்புகளால் மனம் உடைந்திருந்தபோது, டிலனாய் அவருக்கு யோபுவின் கதையைச் சொன்னார் என்பது மரபு. இறைவன் புயலினின்று பேசியும், ‘ஏன்’ என்ற கேள்விக்குக் காரணம் ஒன்றும் கூறாத கதை அது. அதைக் கேட்டவர் 1745-இல் வடக்கன்குளத்தில் திருமுழுக்குப் பெற்றுத் தேவசகாயம் ஆனார். ஏழாண்டு நிறையுமுன், 1752 ஜனவரி 14-இல், அம்மலையில் சுடப்பட்டார்.