தளம் யாருடையது? மூன்று ரோலர் டெர்பி படங்களும் ஒரு தையல் மெஷினும்

வெள்ளிக்கிழமை சாயங்காலம் மகள் ஒரு படிவத்தைக் கொண்டுவந்து என் கீபோர்டு மேல் வைத்தாள். நான்கு பக்கம். எலும்பு முறிவு, தலைக்காயம், இன்னும் என்னென்னவோ நடந்தால் அதற்கு நாங்களே பொறுப்பு என்று பெற்றோர் கையெழுத்துப் போடவேண்டும். ஆஸ்டினுக்கு வடக்கே இருக்கும் எங்கள் ஊரில் பிள்ளைகளுக்கான ரோலர் டெர்பி அணி ஒன்று உண்டு. மூன்று மாதமாக அடிப்படைப் பயிற்சிக்குப் போய்க்கொண்டிருக்கிறாள். சறுக்குவது, நிற்பது, அடிபடாமல் விழுவது. இனி மோதும் பயிற்சி. அதற்குத்தான் இந்தக் கையெழுத்து. அவளுக்கு வயது 13.

"திங்கக்கிழமைக்குள்ள குடுக்கணும்பா."

"படிச்சிட்டுத் தர்றேன்மா."

"படிச்சா போட மாட்டீங்க."

நியாயமான பயம்தான். எதுவாக இருந்தாலும் முதலில் அதன் வரலாற்றைத் தோண்டிவிட்டு அப்புறம் முடிவெடுப்பது என் வழக்கம். அதனால் அந்த வாரக் கடைசியில் ரோலர் டெர்பி பற்றிய மூன்று படங்களைத் தேடிப் பிடித்துப் பார்த்தேன். நடுவில் வேறு இரண்டு வேலைகளும் என் தலையில் விழுந்தன. அணியின் நிதிக்காக ஞாயிறு மாலை பலகார விற்பனை. அதற்கு எங்கள் வீட்டுப் பங்கு இரண்டு டஜன் வாழைப்பழ மஃபின். அப்புறம், ஹெல்மெட்டுக்கு மேல் மாட்டும் துணி உறை நான்கு. "எங்கப்பா நல்லா தைப்பாங்க" என்று மகளே அங்கே சொல்லி வைத்திருக்கிறாள். பொய்யில்லை. அம்மா ஊரில் பிளவுஸ் தைத்துத்தான் என் பி.இ. ஃபீஸில் பாதியைக் கட்டினார். ராத்திரி அவருக்கு ஓரம் அடித்துக் கொடுத்துப் பழகிய கை இது.

படங்களுக்குப் போகும் முன் ஆட்டத்தைச் சொல்லிவிடுகிறேன். நீள்வட்டப் பாதை. ஒரு அணிக்கு ஐந்து பேர்: நான்கு பிளாக்கர்கள், ஒரு ஜாமர். ஜாமரின் ஹெல்மெட் உறையில் நட்சத்திரம் இருக்கும். அவர் கூட்டத்தை ஊடுருவி வெளியே வந்து, மறுபடி சுற்றி வந்து, தாண்டும் ஒவ்வொரு எதிரணி பிளாக்கருக்கும் ஒரு புள்ளி. ஒரு ஜாம் அதிகபட்சம் இரண்டு நிமிடம். முதலில் முறையாக வெளியே வரும் ஜாமர், இடுப்பில் கைகளைத் தட்டி ஜாமை முடித்துவிடலாம். முப்பது நிமிடம் வீதம் இரண்டு பாதி. பந்து கிடையாது. ஒரே ஆள் ஒரே நேரத்தில் தாக்கவும் வேண்டும், தடுக்கவும் வேண்டும்.

இந்த ஆட்டத்தின் முதல் வடிவம் 1935 ஆகஸ்ட் 13 அன்று சிகாகோ கொலிசியத்தில் அரங்கேறியது. லியோ செல்ட்சர் என்பவரின் யோசனை. அப்போது மோதல் கிடையாது. ஆணும் பெண்ணும் ஜோடி ஜோடியாக, அமெரிக்காவைக் குறுக்கே கடக்கும் தூரத்தை ஒரே அரங்கில் சுற்றிச் சுற்றி ஓடித் தீர்க்கும் பொறுமைப் போட்டி. மோதல்தான் கூட்டத்தை இழுக்கிறது என்று பிறகுதான் புரிந்தது. தொலைக்காட்சி வந்ததும் புகழ் ஏறியது. செல்ட்சரின் மகன் 1973-இல் கடையை மூடினார். "கடை" என்ற சொல்லை யோசித்துத்தான் போட்டிருக்கிறேன். பாதையும் பெயரும் முதலாளியுடையவை. சறுக்கியவர்கள் சம்பளக்காரர்கள்.

முதலில் பார்த்த 'கன்சாஸ் சிட்டி பாம்பர்' (1972) இதை ஒளிக்காமல் சொல்கிறது. ராக்கெல் வெல்ச் இரண்டு குழந்தைகளுக்குத் தாயான வீராங்கனை. அணியின் முதலாளி அவரை விரும்புகிறார். அவருக்கு நெருக்கமானவர்களை ஒவ்வொருவராக அப்புறப்படுத்துகிறார். படமாக்கிய விதம் பல இடங்களில் கூசவைக்கிறது. கேமரா எதைப் பார்க்க வந்திருக்கிறது என்பது தெரிந்துவிடுகிறது. ஆனாலும் ஒரு விஷயத்தில் படம் நேர்மையானது. தளத்தில் விழும் ஒவ்வொரு அடிக்குப் பின்னாலும், தளத்துக்கு வெளியே ஒருவர் எடுத்த முடிவு இருக்கிறது.

சனிக்கிழமை காலை உறைத் துணியை வெட்டினேன். ஸ்பாண்டெக்ஸ், நாலு பக்கமும் இழுபடும் துணி. பழக்க தோஷத்தில் நேர்த்தையல் போட்டு, ஹெல்மெட்டில் மாட்ட இழுத்தேன். பட்பட்டென்று நூல் அறுந்தது. துணி நீள்கிறது, நூல் நீளவில்லை. ஜிக்ஜாக்குக்கு மாற்றி, முனை மழுங்கிய ஊசி போட்டதும் சரியானது. ஏன் இவ்வளவு இழுபட வேண்டும் என்பதை விதிப்புத்தகத்தில் பார்த்தேன். பிளாக்கர்களில் ஒருவர் பிவட். அவர் உறையில் பட்டைக் கோடு. ஜாமர் மாட்டிக்கொண்டால், ஓட்டத்திலேயே தன் நட்சத்திர உறையைக் கழற்றி பிவட் கையில் கொடுக்கலாம். கையில் வாங்கிக்கொண்டவுடன் அவர்தான் இனி ஜாமர். கையுறை போட்ட கையால், மோதலுக்கு நடுவே, ஒரு நொடியில் கழற்றி மாட்ட வேண்டும். நெட்வொர்க்கில் டோக்கன் கைமாறுவது போல, அந்த ஆட்டத்தின் அதிகாரமே ஒரு துணியாகக் கைமாறுகிறது. அதை நான் நேர்த்தையலில் தைத்துக் கொடுத்திருந்தால் பாதியில் பிய்ந்திருக்கும்.

அன்று மத்தியானம் 'ஹெல் ஆன் வீல்ஸ்' (2007). பாப் ரேயின் ஆவணப்படம். எங்களுக்குப் பக்கத்து ஆஸ்டினில்தான் 2001-இல் பெண்கள் சிலர் சேர்ந்து செத்துப்போன டெர்பியை எழுப்பினார்கள். படம் பார்க்க அழகாக இல்லை. ஒலி கரகரக்கிறது, பாதி நேரம் யாராவது கூட்டம் போட்டுச் சண்டை பிடிக்கிறார்கள். அதுதான் அதன் பலம். ஆரம்பித்த நான்கு பேரே நிர்வாகிகள். பணம், பொறுப்பு, முடிவு யார் கையில் என்ற கேள்வி முற்றி, 2003-இல் பெரும்பாலானவர்கள் வெளியேறினார்கள். தங்கியவர்கள் பக்கம் சரிவுப் பாதை. சைக்கிள் பந்தயத் தளம் மாதிரி ஓரம் தூக்கிக் கட்டிய மேடை. வெளியேறியவர்கள் கையில் அப்படி ஒரு மேடை இல்லை. சமதளத்திலேயே ஆடினார்கள்.

ஆவணப்படம் பார்த்து நான் எடுத்த குறிப்பில் அடிக்கோடிட்ட வரி இதுதான். சரிவுப் பாதை கட்டப் பணம் வேண்டும், வைக்க இடம் வேண்டும், ஆகவே முதலாளி வேண்டும். சமதளப் பாதைக்குக் கயிறும் ஒட்டுநாடாவும் போதும். பள்ளிக்கூட ஜிம்மிலோ கிடங்கிலோ அளந்து ஒட்டி, ஆட்டம் முடிந்ததும் உரித்துவிடலாம். 2004-இல் இப்படிப்பட்ட அணிகள் கூடி ஒரு சங்கம் அமைத்தன. விதிகளை ஆடுபவர்களே எழுதினார்கள், வாக்குப் போட்டுத் திருத்தினார்கள், யாரும் படிக்கலாம் என்று வெளியிட்டார்கள். என் தொழிலில் ஓப்பன் சோர்ஸ் என்போமே, ஏறக்குறைய அதே. இந்த ஆட்டம் ஊர் ஊராக, நாடு நாடாகப் பரவியது கவர்ச்சியால் மட்டும் என்று நான் நம்பவில்லை. நகலெடுக்க முடிந்ததால் பரவியது.

ஞாயிறு காலை மகளோடு உட்கார்ந்து 'விப் இட்' (2009). ட்ரூ பேரிமோர் இயக்கிய முதல் படம். எழுதிய ஷானா கிராஸ் தானே லாஸ் ஏஞ்சல்ஸில் டெர்பி ஆடியவர். எலியட் பேஜ் நடித்த பிளிஸ், டெக்சாஸின் சின்ன ஊர்ப் பெண். அம்மா அழகிப்போட்டிக்குக் கவுன் மாட்டி இழுத்துப் போகிறார். இவள் வயதை மறைத்து, வீட்டுக்குத் தெரியாமல், ஆஸ்டினில் டெர்பி ஆடுகிறாள். அணியின் பெயர் ஹர்ல் ஸ்கவுட்ஸ். பெண் சாரணியர் சீருடையைக் கேலி செய்யும் உடை.

மூன்றில் நான் மறுபடி பார்க்கப்போவது இதைத்தான். விழுந்தவுடன் எழும் அவசரம், தோற்றும் கொண்டாடும் கூட்டம், எல்லாம் உண்மையாக இருக்கிறது. கடைசியில் இவர்கள் ஜெயிக்காமல் போவது சரியான முடிவு. முழங்கை இடியும் கைச்சண்டையும் மட்டும் சினிமா. இன்றைய சமதள விதியில் முழங்கையால் இடிக்கக்கூடாது, முதுகில் மோதக்கூடாது, தோளுக்கு மேல் தொடக்கூடாது. மகள் படம் முழுக்க "பெனால்டி, பெனால்டி" என்று கத்திக்கொண்டே இருந்தாள்.

என் குறை வேறு. இந்தப் படம் உலகத்தை இரண்டாகப் பிரிக்கிறது. ஒரு பக்கம் அம்மா, கவுன், சமையலறை, அடக்கம். மறுபக்கம் தளம், காயம், விடுதலை. வீட்டை விட்டு ஓடினால்தான் தளம் கிடைக்கும். ஆனால் ஆட்டம் உயிர்த்த கதை அப்படி இல்லையே. சீருடையைத் தைத்தவர்கள், நிதிக்குப் பலகாரம் சுட்டவர்கள், கணக்கு எழுதியவர்கள், கூட்டக் குறிப்பு எடுத்தவர்கள், எல்லாம் ஆடியவர்களே. வீட்டு வேலை என்று ஒதுக்கப்பட்ட திறமைகளை வைத்துத்தான் அவர்கள் முதலாளி இல்லாமல் நின்றார்கள். சாரணியர் உடையையே எடுத்துக்கொள்ளுங்கள். அமெரிக்கச் சாரணியர் குக்கி விற்பனை 1917-இல் ஒக்லஹோமாவின் மஸ்கோகியில் வீட்டு அடுப்புகளில்தான் தொடங்கியது. படம் அந்த உடையைக் கிண்டலுக்காகப் போட்டுக்கொண்டது. அதைப் போட்டுக்கொண்டு ஓடும் அணியும் அதே வேலையைத்தான் செய்தாக வேண்டும் என்பதைக் கவனிக்கவில்லை. 'விப் இட்' பார்த்தால் அரங்க வாடகையை யார் கட்டுகிறார்கள் என்ற கேள்வியே எழாது. 1972 படத்தில் முதலாளி வில்லன். 2009 படத்தில் முதலாளியே இல்லை, ஆனால் அவர் எப்படி இல்லாமல் போனார் என்பதும் இல்லை. நடுவில் நடந்த சண்டையை அந்தக் கரகரப்பு ஆவணப்படம் மட்டும்தான் வைத்திருக்கிறது.

படத்துக்கே இது உள்ளூரத் தெரியும் என்றும் தோன்றுகிறது. அதன் சிறந்த காட்சிகள் இந்தப் பிரிவினையை மீறும் காட்சிகள்தான். அம்மாவும் மகளும் சமையலறைத் தரையில் உட்கார்ந்து பேசும் காட்சி ஒன்று. சக வீராங்கனை, தானும் ஒரு பிள்ளைக்குத் தாய், பிளிஸிடம் அம்மாவை அப்படி உதறிவிட முடியாது என்று புரியவைக்கும் காட்சி இன்னொன்று.

அப்பா பாத்திரமும் என்னைக் கொஞ்சம் உறுத்தியது. பக்கத்து வீட்டுக்காரர் தன் பையன்களின் ஃபுட்பாலுக்காக வாசலில் பலகை நட்டு வைத்திருப்பார். கடைசியில் இவரும் மகளுக்கு ஒரு பலகை நடுவார். அழகான காட்சி, கண் கலங்கியது. ஆனால் அப்பா செய்ய வேண்டியது பெருமைப்படுவது மட்டும்தானா?

மத்தியானம் மஃபின். முதல் தட்டு கல்லாக வந்தது. மாவைக் கட்டி போகும்வரை கலக்கிவிட்டேன். தோசை மாவுக்குப் பழகிய கை! மைதாவை அதிகம் கலக்கினால் இழுவை ஏறி இறுகிவிடும். இரண்டாவது தட்டில் பத்துப் பன்னிரண்டு கிளறோடு கையைக் கட்டிக்கொண்டேன். ஒவ்வொரு டப்பாவிலும் என்னென்ன சேர்த்தோம் என்று மகள் சீட்டு எழுதி ஒட்டினாள். விற்பனையில் நின்றபோது ஒரு பெண்மணி என் உறையை இழுத்துப் பார்த்து, மூன்று தடவை மாட்டிக் கழற்றி, தலையாட்டினார். அவர்தான் பயிற்சியாளர். அன்று விற்ற காசில் அடுத்த மாத அரங்க வாடகை போகும் என்றார். புள்ளி எழுத, தண்டனை நேரம் பார்க்க ஆள் போதவில்லை என்றும் சொன்னார்.

ராத்திரி படிவத்தை எடுத்தேன். வரலாறு எனக்குத் தைரியம் கொடுத்ததா என்றால், இல்லை. காயம் காயம்தான், விதியை யார் எழுதினாலும். அவள் விழுவாள். அதை நினைத்தால் இப்போதும் வயிற்றைப் பிசைகிறது. ஆனால் அவள் விழப்போகும் தளத்துக்கு வெளியே லாபக் கணக்குப் போடும் ஒருவர் உட்கார்ந்திருக்கவில்லை. அங்கே உட்காரப்போவது நாங்கள்தான்.

கையெழுத்துப் போட்டேன். கடைசிப் பக்கத்தில், பெற்றோர் என்ன உதவி செய்யலாம் என்ற கேள்விக்குக் கீழே தையல், புள்ளி எழுதுவது என்று இரண்டு கட்டங்களில் டிக் அடித்தேன். பேக்கிங் கட்டத்தைக் காலியாக விட்டதைப் பார்த்து மகள் கேட்டாள்: "ஏம்பா?"

"முதல் தட்டை நீ சாப்பிட்டுப் பார்க்கலியே."