சமுந்தர் சிங்கின் கையில் கட்டிய ராக்கி

2002 ஆகஸ்டில் அருட்சகோதரி செல்மி பால் இந்தூர் சிறைக்குப் போய், தன் அக்காவைக் கொன்ற சமுந்தர் சிங்கின் கையில் ராக்கி கட்டினார். மன்னிப்பைப் பற்றிய மறையுரைகளில் இந்த நிகழ்ச்சியைச் சொன்னால் கேட்பவர்கள் கண்கலங்கிவிடுகிறார்கள். கண்ணீரோடு நம் கேள்விகளும் அடங்கிப்போவதுதான் எனக்குக் கவலை. தீங்கு செய்தவருக்கு நன்மை செய் என்ற இயேசுவின் போதனை எந்த அளவுக்குச் செல்லும் என்று எடைபோட, இது தகுந்த வழக்கு.

அக்கா ராணி மரியா, எர்ணாகுளம் மாவட்டம் புல்லுவழியில் பிறந்த துறவி. மத்தியப் பிரதேசத்தின் உதய்நகரில் பழங்குடி விவசாயிகளைக் குழுக்களாகத் திரட்டி, வங்கிக் கடனுக்கும் அரசுத் திட்டங்களுக்கும் வழிகாட்டினார். வட்டிக்குக் கொடுத்துப் பிழைத்தவர்களுக்கு அது பொறுக்கவில்லை. 1995 பிப்ரவரி 25 அன்று, இந்தூர் போகும் பேருந்தில், மற்ற பயணிகள் பார்த்துக்கொண்டிருக்க, அவர்கள் தூண்டிவிட்ட சமுந்தர் ராணி மரியாவைக் கத்தியால் குத்தினார். உடலில் 50-க்கும் மேற்பட்ட காயங்கள். ராணி மரியாவுக்கு அப்போது 41 வயது.

கொன்றவனுக்குக் காட்டும் அன்பு, கொல்லப்பட்டவளுக்குச் செய்யும் அநீதி ஆகாதா? இந்த ஆட்சேபத்தை இலேசாகத் தள்ளிவிட முடியாது. ஆனால் நடந்த வரிசையைப் பார்க்க வேண்டும். வழக்கு நடந்தது, ஆயுள் தண்டனை விதிக்கப்பட்டது, ஆண்டுகள் கழிந்தன. செல்மி சிறைக்கு வந்தது அதற்குப் பிறகுதான். குடும்பமும் திருச்சபையும் முறையிட்டு 2006-ல் சமுந்தர் விடுதலையானபோது, பத்தாண்டுக்கும் மேல் அவர் சிறையில் இருந்தாகிவிட்டது. குற்றத்தைக் குற்றம் என்று சொல்வதில் யாரும் பின்வாங்கவில்லை.

அதைவிட முக்கியமான ஒன்று உண்டு. சிறையில் சமுந்தர் திருந்திய மனிதராக உட்கார்ந்திருக்கவில்லை. மனைவி விட்டுப் போய்விட்டார். தன்னைத் தூண்டிவிட்டுக் கைகழுவியவர்களை வெளியே வந்ததும் தீர்த்துக்கட்டுவது என்ற வெறி அவருக்குள் எரிந்துகொண்டிருந்தது. சுவாமி சதானந்த் என்ற துறவி அவரைத் தேடிப்போய்ப் பேசிப் பேசித்தான் அது தணிந்தது. அடுத்த கொலை ஒன்று அங்கே தடுக்கப்பட்டது. தண்டனை அவரைக் கட்டிப்போட்டது. ஆத்திரத்தை அதனால் அணைக்க முடியவில்லை. விடுதலைக்குப் பிறகு சமுந்தர் புல்லுவழிக்கே போனார். ராணி மரியாவின் தாய் எலீஸ்வா அவர் கைகளை முத்தமிட்டார். தன் மகளின் இரத்தம் பட்ட கைகள் என்பதுதான் அவர் சொன்ன காரணம். மகளின் சாவை மறந்த தாயின் பேச்சா அது? சாவை முழுமையாக நினைவில் வைத்துக்கொண்டே செய்த செயல். அதனால்தான் அதை நம்புகிறேன்.

குறை, கதை சொல்லப்படும் விதத்தில் இருக்கிறது. 2017 நவம்பர் 4 அன்று இந்தூரில் ராணி மரியா அருளாளராக அறிவிக்கப்பட்ட விழாவில் சமுந்தரும் இருந்தார். நல்லதுதான். ஆனால் நம் மறையுரைகளில் கத்தி பிடித்தவர் நாயகனாகிவிடுகிறார். வட்டிக் கொடுமை ஓரமாகப் போய்விடுகிறது, கொலையைத் தூண்டியவர்கள் கண்ணிலேயே படுவதில்லை. ராணி மரியா எதற்காகச் செத்தார் என்பதைச் சொல்லாமல் அவர் தங்கை மன்னித்ததை மட்டும் சொல்வது பெரிய பிழை.

இந்தப் பிழையின் விலையைக் கொடுப்பவர்கள் வேறு இடத்தில் இருக்கிறார்கள். கணவனிடம் அடி வாங்கிப் பங்குத்தந்தையிடமோ போதகரிடமோ வரும் பெண்ணுக்கு, “பொறுத்துப் போம்மா, ஜெபம் பண்ணு, ஆண்டவர் அவரை மாத்துவார்” என்ற பதில் கிடைக்கிறது. செல்மியின் கதை அவளுக்கு முன்னுதாரணம் ஆகாது. சமுந்தர் கம்பிக்குள் இருந்தார். இவள் கணவன் இரவு வீட்டுக்கு வருவான். வேதத்திலும் இந்த அறிவுரைக்கு ஆதாரம் குறைவு. தலைமைக் குருவின் முன் காவலன் அறைந்தபோது, ஏன் அடித்தாய் என்று இயேசு நேருக்கு நேர் கேட்டதை யோவான் எழுதிவைத்திருக்கிறார். பிலிப்பியில் விசாரணையின்றி அடித்துச் சிறையில் போட்ட அதிகாரிகள், தாங்களே நேரில் வந்து தன்னை வெளியே அழைத்துப் போகட்டும் என்று பவுல் நின்றார். சிலுவையில் தம்மைக் கொல்கிறவர்களுக்காக மன்றாடிய அதே இயேசுதான் அந்தக் கேள்வியையும் கேட்டார்.

செல்மியும் எலீஸ்வாவும் செய்தது உண்மையான கிறிஸ்தவச் செயல் என்பதே என் முடிவு. காயம் அவர்களுடையது, முடிவும் அவர்களுடையது. அதைப் பிறர் மீது கடமையாகச் சுமத்தும் உரிமை எந்தப் பிரசங்க மேடைக்கும் கிடையாது. சுவாமி சதானந்த் தன் உழைப்பைக் கொட்டியது குற்றவாளியிடம். அடிபட்ட மனைவியிடம் பொறுமையைப் போதிக்கும் குருவானவர், முதலில் அவளைப் பத்திரமான இடத்தில் சேர்த்துவிட்டு, அந்தக் கணவனின் வாசலில் போய் நிற்கட்டும்.