ஒரு வேற்றுமை உருபு

கணக்குப் பாடத்துக்கும் எனக்கும் கல்லூரி நாளிலேயே உறவு முறிந்துவிட்டது. அப்படிப்பட்டவன் புள்ளிவிவர ஆராய்ச்சியை விமரிசிக்கலாமா என்று வாசகர்கள் கேட்கக்கூடும். மனிதனுக்கும் மனிதனுக்கும் உள்ள சம்பந்தத்தைப் பற்றி யார் எழுதினாலும் நாவலாசிரியனுக்கு அதில் கொஞ்சம் பாத்தியதை உண்டு என்பது என் அபிப்பிராயம்.

அமெரிக்காவின் சிகாகோ நகரத்துத் துப்பாக்கிச் சூடுகளை ஆராய, ஆண்ட்ரூ பாப்பகிரிஸ்டோஸ் என்ற சமூகவியலாளரும் அவருடைய சகாக்களும் போலீஸாரின் கைதுப் பதிவுகளை எடுத்துக்கொண்டார்கள். சேர்ந்து கைதான இருவருக்கிடையே ஒரு கோடு. இப்படிக் கோடு கோடாகச் சேர்ந்து ஒரு வலை ஆயிற்று. குண்டடிபட்டு உயிர் பிழைத்தவர்களில் 70 சதவிகிதம் பேர், நகர மக்களில் 6 சதவிகிதத்துக்கும் குறைவானவர்களைக் கொண்ட வலைகளுக்குள் இருந்ததாக 2015-ல் எழுதினார்கள். 2017-ல் வந்த கட்டுரை இன்னும் ஒரு படி மேலே போயிற்று. 1,38,163 பேர் கொண்ட வலையில் நடந்த 11,123 சம்பவங்களில் 63.1 சதவிகிதம், தொற்றுநோய்போல் ஒருவரிடமிருந்து அவரைச் சேர்ந்தவருக்குப் பரவியவை. இடைவெளி சராசரி 125 நாள் என்றது.

படித்தபோது எனக்கு உண்மையிலேயே மகிழ்ச்சி. 'அந்தப் பேட்டையே அப்படித்தான்' என்று சோம்பேறித்தனமாகப் பேசுகிறோமே, அந்தப் பேச்சுக்கு இது நல்ல சூடு.

ஆனால் எனக்கு ஒரு குறையும் உண்டு. இந்தக் கோடுகளை முதலில் போட்டது போலீஸ் பேனா. போலீஸ் அதிகம் நிற்கும் தெருவில் கோடும் அதிகம் விழும். தம்பியை வீட்டுக்கு அழைத்துப்போக வந்த அண்ணனும் சேர்ந்து பிடிபட்டால், அவனுக்கும் ஒரு கோடுதான். அவன் ஏன் வந்தான் என்று கோட்டுக்குத் தெரியாது.

இதே வழியில் சிகாகோ போலீஸாரும் ஒரு பட்டியல் போட்டார்கள். 2013-ல் அதில் 426 பேர். ரேண்ட் என்ற ஆராய்ச்சி ஸ்தாபனம் அதைப் பரிசீலித்து 2016-ல் முடிவை வெளியிட்டது. பட்டியலில் பேர் இருந்ததால் எவருக்கும் குண்டடி அபாயம் குறையவில்லை. துப்பாக்கிச் சூட்டு வழக்குகளில் அவர்கள் கைதாவதுதான் கூடியிருந்தது. பின்னால் பட்டியல் லட்சக்கணக்கில் வளர்ந்து, 2019-ல் கைவிடப்பட்டது.

பிசகு எங்கே? ஆராய்ச்சியாளர்கள் எண்ணியது குண்டு பட்டவர்களை. 'இவனுக்கு ஆபத்து' என்பதுதான் அவர்கள் எழுதிய வாக்கியம். அது போலீஸ் ஸ்டேஷனுக்குப் போனதும் 'இவனால் ஆபத்து' என்று ஆகிவிட்டது. மாறியது ஒரு வேற்றுமை உருபுதான். நான்காம் வேற்றுமையில் இருந்தவனை மூன்றாம் வேற்றுமைக்குத் தள்ளினார்கள். காப்பாற்றப்பட வேண்டியவன் கண்காணிக்கப்படுகிறவன் ஆனான்.

தொற்று என்று சொன்ன பிறகு தொற்றுக்குச் செய்வதைச் செய்திருக்க வேண்டும். அம்மை கண்ட வீட்டுக்கு அடுத்த வீட்டுக்காரனை நாம் லாக்கப்பில் போடுவதில்லை. 125 நாள் சிறிய அவகாசமல்ல. ஒருவனுக்கு வேலை தேடித் தரலாம், வேறு ஊரில் இருக்கும் மாமன் வீட்டுக்கு அனுப்பலாம், ஆஸ்பத்திரிக் கட்டிலருகே உட்கார்ந்து பழிவாங்கும் எண்ணத்தைத் தணிக்கலாம். யார் வாசலுக்குப் போக வேண்டும் என்பதைத்தான் வலை காட்டும். எதற்காகப் போகிறோம் என்பதைப் போகிறவன்தான் தீர்மானிக்க வேண்டும்.