முள்ளுக்கு எட்டாத பாணி

பங்குனி வெயிலில் சண்டிலிப்பாய் வளவுக்குள் அடுப்பு மூட்டி, சின்னம்மா பனையிலிருந்து இறக்கிய கருப்பநீர் காய்ச்சிக்கொண்டிருந்தா. நான் புதிதாக வாங்கிய வெப்பமானியைத் தாச்சி விளிம்பில் கொளுவியிருந்தேன். நூறு மில்லிமீற்றர் வட்ட முகம், துருப்பிடிக்காத உருக்குத் தண்டு, தடித்த கறுப்பு எண்கள். பார்க்கவே பசி தீரும்.

“சின்னம்மா, முள்ளு இன்னும் நூற்றிநாலிலைதான் நிக்குது.”

அவ அகப்பையிலிருந்து ஒரு துளியைச் சிரட்டைத் தண்ணீரில் விட்டு விரலால் உருட்டிப் பார்த்தா. உருண்டது. “உன்ரை முள்ளுக்குப் பாணி எட்டேல்லை, பிள்ளை.”

பகிடியாகச் சொன்னாவோ தெரியாது, ஆனால் அச்சொட்டான உண்மை. கருப்பநீரில் சீனி நூற்றுக்குப் பத்துப் பன்னிரண்டு பங்கு. பத்து லீற்றர் காய்ச்சினால் மிஞ்சுவது ஒரு கிலோவை ஒட்டிய பனங்கட்டி. கடைசி நேரத்தில் தாச்சிக் குழிக்குள் இரண்டு மூன்று விரற்கடை ஆழத்துக்குத்தான் பாணி கிடக்கும். ஈருலோக வெப்பமானியின் உயிரோ முகத்தில் இல்லை, தண்டின் அடியில் இருக்கிறது. வெவ்வேறு அளவில் விரியும் இரண்டு உலோகங்களை ஒட்டிச் செய்த பட்டை அங்கே சுருளாகக் கிடக்கிறது. சூடு ஏற முறுகி, மேலேயுள்ள முள்ளைத் திருப்புகிறது. அந்தச் சுருளே ஐந்தாறு சென்ரிமீற்றர் நீளம். முழுதாக மூழ்காவிட்டால் பாதி பாணிக்கும் பாதி நுரைக்கும் காற்றுக்கும் நடுவே ஏதோ ஒரு எண்ணைக் காட்டிக்கொண்டு நிற்கும்.

முகத்தைப் பார்த்து வாங்கினால் வருகிற வினை இது. முகத்திலும் பார்க்க வேண்டியது உண்டுதான். “எதுக்கும் இருக்கட்டும்” என்று 500 பாகை வரை போகும் கருவியை வாங்குகிறவர்களைக் கண்டால் எனக்கு எரிச்சல் வரும். பனங்கட்டிப் பதம் 118 பாகையை ஒட்டியது. ஐந்நூறில் அது இடப்பக்கத்து மூலையில் ஒடுங்கிப்போகும். ஒரு பாகை ஏறியதா இறங்கியதா என்று கண்ணுக்குப் பிடிபடாது. 0 முதல் 200 வரையான முகத்தில் 100 நேர் உச்சியில் நிற்கும். 118 வரும்போது முள் சற்று வலம் சாய்ந்து, மணிக்கூட்டின் நிமிட முள் நாலாம் நிமிடத்தில் நிற்பதுபோல நிற்கும். எண்ணை வாசிக்கவே தேவையில்லை. அடுப்படியின் மறுகரையில் நின்று சாய்வைப் பார்த்தாலே போதும். நல்ல முகங்களில் இரண்டு சின்ன முக்கோணக் குறிகள் இருக்கும், கவனித்திருக்கிறீர்களா? ஐரோப்பிய நியமம் 13190 கேட்பது. அந்த இரண்டுக்கும் இடையில்தான் செய்தவன் தன் துல்லியத்துக்குப் பொறுப்பு. 200 பாகை முகத்தில் அது 20 முதல் 180 வரை.

முகம் எப்படி இருந்தாலும், தண்டு நிற்கும் இடம் சரியாக இருக்கவேண்டும். ரொறன்ரோவில் மாமாவின் பழைய வீட்டு நிலவறையில் ஒரு பொயிலர் இருக்கிறது. குளிர்காலம் முழுக்க வெந்நீர் குழாய்வழியே அறை அறையாகச் சுற்றிவரும். 180 பாரன்கைற், நமது கணக்கில் 82 பாகை. அங்கே நான் ரசித்தது கருவியை அல்ல, அது நின்ற விதத்தை. குழாய் வளையும் முழங்கையில், நீரோட்டத்தை எதிர்கொண்டு, தண்டின் நுனி குழாயின் நடுவை எட்டும்படி செருகியிருந்தார்கள். தண்டு நேரே நீரில் படுவதில்லை. அடி மூடிய ஒரு உலோக உறைக்குள் நிற்கிறது. ஆங்கிலத்தில் அதற்குக் கிணறு என்றே பெயர். வளவுக்கு ஒரு கிணறு வைத்திருக்கும் எங்கள் ஊராருக்கு அந்தப் பெயர் உடனே பிடித்துவிடும். கருவி பழுதானால் நீரை நிறுத்தாமலே கழற்றி மாற்றலாம். பதிலுக்கு முள் கொஞ்சம் தாமதித்தே அசையும்; உறைக்குள் வெப்பம் கடத்தும் பசை பூசினால் அந்தச் சோம்பல் குறையும். பம்பி அதிரும் இடமென்றால் எண்ணெய் நிரப்பிய முகம் வேண்டும், இல்லாவிட்டால் முள் நடுங்கி நடுங்கியே தேய்ந்துவிடும்.

காங்கேசன்துறையில் 1990 வரை ஓடிய சீமெந்து ஆலை போன்ற இடங்களில் தண்டைச் செருகும் பேச்சுக்கே இடமில்லை. சீமெந்துச் சூளைக்குள் கிளிங்கர் கட்டி உருவாக 1,450 பாகை வேண்டும். அங்கே தொட்டு அளப்பதை விட்டு, ஒளிர்வைத் தூரநின்று பார்த்தே அளப்பார்கள்.

சின்னம்மாவுக்கு என் கருவியில் பிழையில்லை என்று காட்ட, கொதிநீரில் ஆழமாக அமிழ்த்திப் பார்த்தேன். யாழ்ப்பாணக் குடாநாடு கடல்மட்டத்தோடு கிடக்கும் தரை என்பதால் இங்கே கொதிநீர் 100 பாகையைத் தாராளமாக நம்பலாம். 1,868 மீற்றர் உயரத்து நுவரெலியாவில் அதே சோதனையைச் செய்தால் 94 அளவில்தான் கொதிக்கும். அங்கிருப்பவர் நல்ல கருவியைக் குப்பையில் போட்டுவிடக்கூடும். என் முள் நூறில் நின்றது. கருவி சரி, இடம்தான் பிழை.

அடுத்த காய்ச்சலுக்கு மூன்று மில்லிமீற்றர் தடிப்புள்ள வெப்பவிணைக் கம்பி ஒன்றைக் கொண்டுபோனேன். அதற்கு நுனியில் மட்டுமே உணர்வு. முகமில்லை, அழகில்லை, ஒரு பெட்டியில் எண் மட்டும் மின்னும். அடியில் முட்டாமல் பாணிக்குள் சாய்த்துப் பிடித்தேன். 116. 117. சின்னம்மா சிரட்டையை எடுத்தா. 118 விழுந்தபோது துளி அவவின் விரலில் உருண்டது.

“சின்னம்மா, சரியா நூற்றிப்பதினெட்டு!”

“உதைப் பிறகு பாப்பம். குட்டானை எடு, இறுகப்போகுது.”