திரும்பி வராத அதிகாரங்கள்

அரசியல் சாசனத்தின் எழுபத்தைந்தாம் ஆண்டைக் கொண்டாடிய மேடைகளில், 106 திருத்தங்களைத் தாங்கியும் ஸ்வரூபம் மாறாமல் அது நிற்கிறதென்றும், எளிதில் வளையாமலும் அறவே இறுகிப் போகாமலும் அதனைக் காப்பது திருத்த முறையை வகுக்கும் 368ஆம் ஷரத்தே என்றும் ஸ்தோத்திரங்கள் கேட்டோம். அவற்றில் நியாயம் இல்லாமல் இல்லை. அவசரநிலைக் காலத்து விபரீதங்கள் பலவற்றை 1978இல் நிறைவேறிய 44ஆம் திருத்தம் களைந்தது. அதற்கு முன்பே, 1973இல், கேசவானந்த பாரதி தீர்ப்பு சாசனத்தின் அடிப்படை அமைப்பைப் பார்லிமெண்டின் கைக்கு எட்டாததாக்கிவிட்டது. ஆயினும், திருத்துவதிலுள்ள சிரமம் எல்லோருக்கும் ஒரே அளவில்தான் இருக்கிறதா என்று கேட்போரைக் காணோம்.

ஓசூரில் இது வெறும் ஏட்டுக் கேள்வி அன்று. ஜூஜூவாடி வணிகவரிச் சோதனைச்சாவடியில் வரிசை கட்டி நின்ற லாரிகள், 2017 ஜூலைக்குப் பின், இ-வே பில்லைக் கையில் வைத்துக்கொண்டு அத்திப்பள்ளியைக் கடந்துவிடுகின்றன. ஜிஎஸ்டியைக் கொண்டுவந்த 101ஆம் திருத்தம் தந்த இந்த நன்மையை மறுப்பது அநியாயம். ஆனால் அந்த பில்லுக்கு ஆதாரமான இன்வாய்ஸைச் சற்றுப் பாருங்கள். ஓசூர் லேத் பட்டறையில் கடைந்த உதிரிபாகம் பெங்களூருக்குப் போனால், முன்பு 'சி' படிவத்தின் பேரில் விதித்த இரண்டு சதவீத மத்திய விற்பனை வரி தமிழகத்தின் கஜானாவுக்கு வந்தது. இன்று ஐஜிஎஸ்டி என்ற பத்தியில் எழுதப்படும் தொகையில் மாநிலப் பங்கு கர்நாடகத்துக்குப் போகிறது. சிப்காட்டுக்கு நிலமும் நீரும் சாலையும் கொடுத்த மாநிலத்துக்கு ஐந்தாண்டு நஷ்டஈடு கிடைத்தது. 2022 ஜூனோடு அதுவும் முடிந்தது.

இந்த ஏற்பாட்டுக்குத் தமிழகத்தின் சம்மதம் தேவைப்படவில்லை. 2016 ஆகஸ்டில் அ.தி.மு.க. உறுப்பினர்கள் இரு சபைகளிலும் வெளிநடப்புச் செய்தனர். பாதி மாநிலங்கள் ஒப்பியதும் செப்டம்பர் 8ஆம் தேதி ஜனாதிபதி கையொப்பமிட்டார். ஜிஎஸ்டி கவுன்சிலில் முடிவெடுக்க நான்கில் மூன்று பங்கு வாக்கு வேண்டும். மூன்றில் ஒரு பங்கு மத்திய சர்க்காரின் கையில் இருப்பதால், மாநிலங்கள் அனைத்தும் ஒன்றுகூடினாலும் அது நினைத்தால் தடுத்துவிடலாம். கவுன்சிலின் சிபாரிசுகள் கட்டுப்படுத்தா என்று 2022இல் உச்சநீதிமன்றம் சொன்னது ஆறுதலான வார்த்தைதான். தனி வழி போகத் துணியும் மாநிலம் எது?

இதைவிடக் கொடியது 1976இன் கதை. கல்வியையும் காடுகளையும் மாநிலப் பட்டியலிலிருந்து பொதுப் பட்டியலுக்கு மாற்றிய 42ஆம் திருத்தம் நிறைவேறியபோது, அவ்வாண்டு ஜனவரி 31இலேயே மந்திரிசபை கலைக்கப்பட்டுவிட்ட தமிழகத்தில், வேண்டாமென்று சொல்லக்கூட ஒரு சட்டசபை இல்லை. பலவற்றை மீட்ட 44ஆம் திருத்தம் இவ்விரண்டையும் மீட்கவில்லை. தளி, அஞ்செட்டிக் காடுகள் முதல் கிருஷ்ணகிரிப் பள்ளிக்கூடங்கள் வரை அந்த ஒரு திருத்தத்தின் நிழலிலேயே இன்றும் இருக்கின்றன. நெருக்கடியில் சில மாதங்களில் பறிக்கப்பட்டது, சாதாரண காலத்தின் அரை நூற்றாண்டில் திரும்பவில்லை. அதிகாரம் டெல்லிக்குப் போகையில் சுலபமாகவும், திரும்பி வருகையில் அசாத்தியமாகவும் இருக்கும் ஒரு முறையை நடுநிலை என்று எப்படிச் சொல்வது?

அமெரிக்க சாசனத்தின் ஐந்தாம் ஷரத்து, மூன்றில் இரு பங்கு மாநிலங்கள் கோரினால் திருத்த மாநாடு கூட்டியாக வேண்டும் என்கிறது. அவ்வழியில் இதுவரை மாநாடு எதுவும் கூடவில்லை என்பது உண்மையே; கோரும் உரிமையாவது அங்கே உண்டு. மத்திய-மாநில உறவுகளை ஆராய 1969இல் ராஜமன்னார் குழுவையும் 2025இல் குரியன் ஜோசப் குழுவையும் அமைத்த தமிழகம் முதலில் கேட்க வேண்டியது அந்த உரிமையையே. ஆனால் திருத்த மசோதா பார்லிமெண்டின் இரு சபைகளுள் ஒன்றில்தான் பிறக்க முடியும் என்கிறது 368ஆம் ஷரத்து. அந்த ஷரத்தைத் திருத்தும் மசோதாவும் அங்கேதான் பிறந்தாக வேண்டும்.